முதல் இரண்டு நிமிடம்

இளங்கலை உயிர்வேதியியல் படிக்கும்போது ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் என்சைமை வைத்து ஒரு பரிசோதனை செய்தோம். பாரா-நைட்ரோஃபீனைல் ஃபாஸ்ஃபேட் என்ற நிறமில்லாத பொருளை அது வெட்டும்போது மஞ்சள் நிறம் வரும், அந்த மஞ்சளை 405 நானோமீட்டரில் அளந்தால் எவ்வளவு வெட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆறு ட்யூப், ஒவ்வொன்றிலும் சப்ஸ்ட்ரேட் (என்சைம் வெட்டும் அந்தப் பொருள்) கூடிக்கொண்டே போகும், என்சைம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே அளவு. அரை மணி நேரம் விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி நிறுத்தி, ரீடிங் எடுத்து கிராஃப் போட்டேன். வளைந்து ஏறி மேலே படுக்க வேண்டிய கோடு, ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல நேராகப் போனது.

மேடம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ அளந்தது என்சைமோட வேகத்தையா, நீ ஊத்தின சப்ஸ்ட்ரேட்டையா?"

என்சைம் அதிகமாகப் போட்டிருந்தேன். அரை மணிக்குள் எல்லா ட்யூபிலும் வேலை முடிந்துவிட்டது, ஊற்றியது எவ்வளவோ அவ்வளவு மஞ்சள். அடுத்த வாரம் என்சைமை நன்றாக நீர்த்து, முதல் இரண்டு நிமிடத்தில் வரும் நிறத்தை மட்டும் எடுத்தேன், கோடு வளைந்தது.

என்சைமின் வேகத்தை அளந்து படிக்கும் என்சைம் கைனெட்டிக்ஸில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தத் தொடக்க வேகம்தான், சப்ஸ்ட்ரேட் அளவையும் வேகத்தையும் இணைக்கும் சமன்பாடு அதற்கு அப்புறம். நேரம் போகப் போக சப்ஸ்ட்ரேட் குறைகிறது, வெட்டி வெளியே வந்த ஃபாஸ்ஃபேட்டே என்சைமில் போய் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறது, அதனால் பத்து சதவீத சப்ஸ்ட்ரேட் தீர்வதற்குள் அளந்துவிட வேண்டும் என்பது வழக்கம்.

1913-ல் பெர்லினில் லியோனோர் மிக்கேலிஸும், கனடாவிலிருந்து வந்த மருத்துவர் மாட் மென்டனும் செய்தது இதைத்தான். சுக்ரோஸை இன்வர்டேஸ் என்சைம் பிரிப்பதை, கரைசல் ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பார்த்து அளந்தார்கள். சுக்ரோஸ் வலப்பக்கம் திருப்பும், பிரிந்த கலவை இடப்பக்கம். பத்து வருடம் முன்பே விக்டர் ஆன்றி என்ற விஞ்ஞானி ஏறக்குறைய இதே சமன்பாட்டை எழுதிவிட்டார், ஆனால் கரைசலின் அமிலத்தன்மையை அவர் கட்டுப்படுத்தவில்லை. இவர்கள் அசிடேட் பஃபர் போட்டு அதை நிலையாக வைத்து, தொடக்க வேகத்தை மட்டும் எடுத்தார்கள். அந்தப் பொறுமைக்காகவே அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, கோடு ஏன் வளைகிறது? எல்லா என்சைம் மூலக்கூறும் கைநிறைய வேலையோடு இருந்தால் மேலும் சப்ஸ்ட்ரேட் கொட்டி என்ன பயன்? அந்த உச்ச வேகம்தான் வி-மேக்ஸ். அதில் பாதி வேகம் கிடைக்கத் தேவையான சப்ஸ்ட்ரேட் அளவு கே-எம். என்சைமை இரட்டிப்பாக்கினால் வி-மேக்ஸ் இரட்டிப்பாகும், கே-எம் அப்படியே இருக்கும். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்கிறோம், ஆனால் நம் உடம்புக்குள் இது என்ன செய்கிறது என்று யாராவது சொன்னால் மறக்கவே மறக்காது.

மூளையில் குளுக்கோஸைப் பிடித்து வேலையைத் தொடங்கும் ஹெக்சோகைனேஸின் கே-எம் 0.1 மில்லிமோலாருக்கும் கீழே. சுகர் ரிப்போர்ட் கணக்கில் 2-க்கும் குறைவு. வெறும் வயிற்றில் 90 இருக்கும்போதே அது கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓடுகிறது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மூளைக்குத் தடையில்லை. கல்லீரலிலும் கணையத்திலும் அதே வேலையைச் செய்யும் குளுக்கோகைனேஸுக்கோ பாதி வேகம் வரவே சுமார் 8 மில்லிமோலார், அதாவது 144 வேண்டும். (அதன் கோடு லேசாக எஸ் வடிவில் வளையும், அதனால் கறாராகப் பார்த்தால் அதைக் கே-எம் என்று சொல்லக்கூடாது.) சாப்பிட்டு சர்க்கரை ஏறினால்தான் அது வேகமெடுக்கும், கணையம் அந்த வேகத்தை வைத்துத்தான் இன்சுலினை எப்போது விடுவது என்று முடிவு செய்கிறது.

அந்த குளுக்கோகைனேஸ் ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்ததிலிருந்தே 100-க்கும் 145-க்கும் இடையில் நின்றுவிடுகிறது, பெரும்பாலும் மருந்துகூடத் தேவைப்படுவதில்லை.