இறக்கத்தில் நிற்கும் கிழட்டுக் குதிரை: வயசு என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வராதீங்க

எங்க முத்து, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கின குதிரை. பல்லைப் பார்த்துச் சொன்ன கணக்குப்படி இருபது வயசை ஒட்டி இருக்கும். மேடு நல்லாவே ஏறுவான். தோட்டத்திலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் சரளைத் தடத்துக்கு வந்தால் மட்டும் முன்னங்கால் ரெண்டையும் ஊன்றி நின்றுவிடுவான். இழுத்தால் உடம்பைக் கோணலாகத் திருப்பிக்கிட்டு பக்கவாட்டில் இறங்குவான்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. "கெழட்டுக் குதிரைங்க, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு சத்து டானிக் சீட்டு. எக்ஸ்ரே எடுக்கலாம் வாங்க என்று சொன்ன இன்னொரு இடத்துக்கு வண்டி பேசி ஏற்றிப் போனால், எக்ஸ்ரே எடுக்கிறவர் லீவு. வாடகை போகட்டும். வண்டிப் பலகையில் இறங்கும்போது பின்னங்கால் ரெண்டும் நடுங்கி, கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துச்சு. அங்கே நின்ற யாரும் ஏன் என்று கேட்கலை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறலை. வண்டி பேசுமுன் போன் போட்டு, மெஷின் ஓடுதா, ஆள் இருக்காரா என்று ரெண்டையும் கேட்டுக்கோங்க.

வலிக்கு ஊசி கேட்டபோது மருந்துக்கடையில் மனுசருக்கான டைகுளோஃபெனாக்கை எடுத்து நீட்டினார்கள். அதைப் போட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் செத்ததால் 2006-லேயே கால்நடைக்குத் தடை செய்த மருந்து அது. தமிழ்நாட்டில் மிச்சமுள்ள பிணந்தின்னிக் கழுகுகள் பெரும்பாலும் நம்ம மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் இருக்கு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வழி காட்டினவர் லாடம் அடிக்கிறவர். கழற்றின பின்னங்கால் லாடத்தைக் கையில் கொடுத்து, "ஏனுங், இங்க பாருங். நுனி மட்டும் தேஞ்சு கெடக்கு. காலைத் தூக்காம இழுத்துட்டு நடக்குதுங்" என்றார். குதிகால் பக்கம் புதுசு மாதிரி இருக்க, நுனி கத்தி விளிம்பாட்டம் மெலிந்திருந்தது. அதைத் துணியில் சுத்தி எடுத்துக்கிட்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம்.

அங்கே பார்த்த டாக்டர் ஒவ்வொன்றாகக் கழித்தார். கண்ணில் டார்ச் அடித்தார்; புரை விழுந்த குதிரையும் பள்ளத்துக்குத் தயங்குமாம். குளம்புச் சூடும், அதற்கு மேலே நாடியும் பார்த்தார். குளம்பு அழற்சி இருந்தால் நாடி துள்ளும். நடக்கவிட்டே வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார். மாட்டு வயிற்றில் இருக்கும் புழுவின் குஞ்சு கொசு வழியாகக் குதிரையின் தண்டுவடத்தில் ஏறினால் பின்பக்கம் தள்ளாடும், கும்ரி என்பார்கள். மாடும் குதிரையும் ஒரே கட்டுத்தரையில் நிற்கிற நம்ம ஊரில் இதைக் கேட்டே ஆகணும். முத்து தள்ளாடலை. கடைசியாகப் பின்னங்காலை மடக்கிப் பிடித்திருந்து, விட்ட கையோடு ஓடவிட்டார். நாலெட்டு நல்லா நொண்டினான்.

எக்ஸ்ரேயில் பின்னங்கால் நடு மூட்டின் கீழ்ப்பகுதி, ரெண்டு காலிலும் தேய்ந்து எலும்பு வளர்ந்திருந்தது. சமதளத்தில் குதிரையின் எடை நூற்றுக்கு அறுபது முன்னங்காலில்தான். இறக்கத்தில் அது இன்னும் கூடும். பின்னங்கால் மடங்கி வயிற்றுக்கடியில் வந்து பிரேக் பிடிக்கணும். அந்த மடங்கல்தான் முத்துவுக்கு வலி. அதனால் முன்குளம்பின் குதிகாலில் வலி உள்ள குதிரையும் நிற்கும், பின்மூட்டு வலி உள்ளதும் நிற்கும். எந்தக் கால் என்று பார்க்காமல் மருந்து எழுத முடியாதுங்க. முன்குளம்பு நுனியும் நீண்டு கிடந்ததால் அதையும் வெட்டச் சொன்னார்.

இப்போ ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் லாடக்காரர் வந்துவிடுகிறார். ஒரே இடத்தில் கட்டிப்போடாமல் தினமும் சமதளத்தில் நடை. சரளைத் தடத்தை விட்டு, மண் பாதையில் வளைந்து வளைந்து, மேலே ஆள் இல்லாமல் இறக்குகிறோம். போன வாரம் நிற்காமல் பள்ளத்துத் தண்ணி வரைக்கும் வந்தான்!

வலிக்குக் கொடுக்கிற மெலாக்சிகாம் மருந்தை டாக்டர் எழுதின அளவுக்கு மேலே ஒரு வேளைகூடப் போடாதீங்க, குடல் புண்ணாகும். தீவனத்தை ஒதுக்கினாலோ லத்தி இளகினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவருக்குப் போன் போடுங்க.