எத்தனை நாளைக்கு இந்தப் பத்தியம்?

கடுகு ஒரு விதை, ஆகவே கூடாது. சீரகம், மல்லி, வெந்தயம், எள் எல்லாம் விதைகள், கூடாது. தக்காளி, மிளகாய், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு ஒரே தாவரக் குடும்பம், கூடாது. அரிசி, கோதுமை, கேழ்வரகு, துவரை, உளுந்து கூடாது. பால், தயிர், நெய், முட்டை, முந்திரி, காபி கூடவே கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் என்று ஓர் அடிக்குறிப்பு வேறு. நியூ ஜெர்சியில் ஃபங்ஷனல் மெடிசின் என்ற மாற்று அணுகுமுறையில் இயங்கும் ஒரு கிளினிக்கில் என் கையில் கொடுத்த தாள் அது. தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கான விலக்கு உணவுத் திட்டம் அது; பெயர் ஆட்டோஇம்யூன் புரோட்டோகால், சுருக்கமாக ஏ.ஐ.பி. எலும்பு சூப்பை அமுதமாகக் கொண்டாடும் அந்தத் திட்டத்தில், சைவம் சாப்பிடும் எனக்கு மிஞ்சியவை தேங்காய், வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, பூசணி, கீரை.

எனக்கு ஹாஷிமோட்டோ. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் கோளாறு. தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகத் தரும் லெவோதைராக்சின் மாத்திரையில், அந்த ஹார்மோன் குறைந்தால் ஏறி, மிகுந்தால் இறங்கும் டி.எஸ்.எச். அளவு சரியாகத்தான் இருந்தது. நான்தான் சரியாக இல்லை. காலையில் விரல் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். மதியத்துக்கு மேல் கண் சொருகும். வயிறு உப்பும். குடும்ப மருத்துவர் திரையைப் பார்த்தபடியே ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பார். கால் மணி நேரத்தில் அடுத்த நோயாளியின் முறை வந்துவிடும்.

கிளினிக்கில் முதல் சந்திப்பு ஒன்றரை மணி நேரம் நடந்தது. சிறுவயதில் ஆன்டிபயாடிக் அதிகம் சாப்பிட்டீர்களா என்பதில் தொடங்கி, அப்பா இறந்த வருடம் எப்படித் தூங்கினீர்கள் என்பது வரை கேட்டார்கள். மருத்துவம் என்ற பெயரில் யாரும் என்னிடம் அவ்வளவு கேட்டதில்லை. இன்ஷூரன்ஸ் செல்லாது, எல்லாம் கைக்காசு. இருந்தும் மனம் லேசாகி வெளியே வந்தேன். ஊர்பேர் தெரியாத இடத்துக்கும் நான் போய்விடவில்லை. ஜெஃப்ரி பிளாண்ட் என்ற உயிர்வேதியியலாளர் 1991-ல் தொடங்கிய கல்வி நிறுவனத்தின் வழியாகப் பரவிய முறை இது. 2014-ல் அமெரிக்காவின் பெயர்பெற்ற மருத்துவமனையான கிளீவ்லாண்ட் கிளினிக்கே இதற்கென ஒரு மையம் திறந்தது. நோயின் மூலகாரணத்தைத் தேடுகிறோம் என்பது இவர்களின் தாரக மந்திரம். எங்கே தேடினாலும் மூலகாரணம் என் சாப்பாட்டுத் தட்டிலேயே அகப்பட்டதுதான் விசித்திரம்.

அடுத்து, ரத்தத்தில் ஒவ்வோர் உணவுக்கும் எதிரான ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் உணவுப் பரிசோதனை. ரிப்போர்ட்டின் சிவப்புக் கட்டத்தில் அரிசி, கோதுமை, பால், கொண்டைக்கடலை, எள் என்று நான் அன்றாடம் சாப்பிடுகிறவை அத்தனையும் வந்திருந்தன. பச்சைக் கட்டத்தில் சால்மன் மீன், சிப்பி, வான்கோழி என்று வாழ்நாளில் வாயில் வைத்தே பார்க்காதவை. பின்னாளில் ஓர் ஒவ்வாமை மருத்துவர் இதை எனக்கு விளக்கினார். ஐ.ஜி.ஜி. என்பது உடல் ஓர் உணவைச் சந்தித்துப் பழகியிருக்கிறது என்பதற்கான தடயம். உடனடி ஒவ்வாமையோடு தொடர்புடையது ஐ.ஜி.இ. என்ற வேறொரு புரதம். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லும் கனடிய அமைப்பு 2012-லும் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்தச் சோதனை வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டன. ஆக, நான் காசு கொடுத்து வாங்கியது என் வீட்டு மளிகைப் பட்டியலை.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் பதறவில்லை. மருந்து என்றால் பத்தியம் இருக்கும் என்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. கடுகு கூடவா உடம்புக்கு ஆகாது என்று ஒருமுறை கேட்டுவிட்டு, எத்தனை நாளைக்கு என்றார். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். அதற்குப் பிறகு தலைமுழுகிவிட்டுச் சாப்பிடலாம். கிளினிக்கில் கேட்டேன். உடல் குணமாகும் வரை என்றார்கள்.

நியாயமாகச் சொல்வதானால், விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும் கட்டம் ஏ.ஐ.பி.யிலும் உண்டு. குடலில் புளித்து உப்பலைக் கிளப்பும் சில சர்க்கரை வகைகளைத் தவிர்க்க ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபோட்மேப் உணவுமுறையும் விலக்கும் முறைதான். ஆனால் அங்கே விலக்குவது 2 முதல் 6 வாரம், பிறகு சேர்த்துப் பார்த்தே ஆகவேண்டும். விலக்குவதன் பயனே அந்தச் சேர்ப்பில்தான் இருக்கிறது. எனக்கு அந்தக் கட்டம் தள்ளிக்கொண்டே போனது. வயிற்று உப்பல் திரும்பியபோது, ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் மிகுந்த உணவுகளை விலக்கும் பட்டியல் வந்தது. அதற்கும் மசியாதபோது, சில தாவரங்களில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளை விலக்கும் பட்டியல் வந்து கீரையையும் சர்க்கரைவள்ளியையும் கொண்டுபோனது. திட்டம் தவறாக இருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கோ, எதையோ நான் தெரியாமல் சாப்பிட்டிருக்க வேண்டும் என்றார்கள்.

இதற்கிடையில் நான் மெலிந்துவிட்டேன். ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளில் தெரிந்தவர்கள் நிறுத்தி, என்ன செய்தீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார்கள். கிளினிக்கிலும் எடை குறைந்தால் அழற்சி வடிகிறது என்ற பாராட்டு. மாத இதழ்களின் இளைக்கும் குறிப்புகளுக்கும் இதற்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம், இங்கே ரத்தம் எடுத்தார்கள் என்பதுதான். மாதவிலக்கு தப்பியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அதற்கு கிளினிக்கின் இணையக் கடையிலேயே ஒரு மாத்திரை. அதில் பயோட்டின் என்ற பி வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குப் போதுமானதாகக் கருதப்படுவது 30. அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். தரைமட்டத்துக்குப் போயிருந்தது, தைராய்டு ஹார்மோனான டி4 ஏறியிருந்தது. தைராய்டு மீண்டு வருகிறது, மாத்திரையைப் பாதியாக்கலாம் என்று கிளினிக்கில் மகிழ்ந்தார்கள். நல்லவேளை, முன்பே பதிந்துவைத்திருந்த நாளமில்லாச் சுரப்பி நிபுணரின் தேதி அந்த வாரம் வந்தது. அவர் ரிப்போர்ட்டையும், ஜூலை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்த என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நாடி பிடித்தார். பிறகு, முடிக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்றார்.

பல ஆய்வகங்களின் தைராய்டு சோதனை பயோட்டின் பிணைப்பை வைத்தே இயங்குகிறது. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே பயோட்டின் ஆய்வகச் சோதனைகளைக் குழப்பும் என்று எச்சரித்திருந்தது. நிறுத்திவிட்டு மீண்டும் ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். இயல்பைவிட மேலே இருந்தது. அதற்கும் ஒரு காரணம் என் கைப்பையில் இருந்தது: கிளினிக் கொடுத்த இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தேன். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். அத்தனை மாத்திரைகளை எழுதித் தந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வரி அது.

அந்த நிபுணர் ஓர் உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். உண்ணுதல் கோளாறுகளில் அனுபவம் உள்ள பெண். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் முதலில் கேட்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேகவைத்த சேனையை டப்பாவில் எடுத்துப்போய்க் காரில் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். ஆரோக்கியமான உணவின் மீதே பிடிவாதமாக மாறும் நிலைக்கு ஸ்டீவன் பிராட்மேன் என்ற மருத்துவர் 1997-ல் ஆர்த்தோரெக்சியா என்று பெயர் வைத்ததையும், மனநலக் கையேடான டி.எஸ்.எம்.-5-ல் அது தனி நோயாக இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, பெயர் கிடக்கட்டும், சோற்றைப் பார்ப்போம் என்றார்.

முதல் சோறு அவருடன் வீடியோ அழைப்பில். குழைய வடித்த சோறு, உப்பு, தேங்காய் எண்ணெய், ஒரு கரண்டி பாசிப்பருப்பு. பிசைந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். ஓரம் காய்ந்து விரலில் ஒட்டத் தொடங்கியது. அவர் தன் பக்கத்தில் சாண்ட்விச்சைக் கடித்தார், அவசரப்படுத்தவில்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பியது. அரிசி ஆகவில்லை, பார்த்தீர்களா என்றேன். நெடுநாள் அரைவயிறாக இருந்தால் இரைப்பை காலியாகும் வேகமே குறைந்துவிடும், நேரத்துக்குச் சாப்பிட்டு வந்தால்தான் அது திரும்பும் என்றார். அறிகுறிக் குறிப்பேட்டை எழுதவேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டார். எடை பார்க்கும்போது தராசுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு முறை ஏதாவது, பசித்தாலும் பசிக்காவிட்டாலும்.

மிளகாய் வற்றலைக் கிள்ளித் தாளித்த நாளில் அடுக்ககத்தின் புகை அலாரம் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவருக்கும் கொஞ்சம் ரசம் போனது.

கோதுமைக் கதை தனி. தன்னெதிர்ப்புத் தைராய்டு உள்ளவர்களுக்கு, கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதால் அதைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. என்ற அந்த ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் சரியாகச் சொல்லும். நிறுத்தும் முன் கிளினிக்கில் எடுக்கவே இல்லை. ஆகவே மருத்துவர் உத்தரவின் பேரில், பயந்து பயந்து, வாரக்கணக்கில் சப்பாத்தி சாப்பிட்டேன். சீலியாக் இல்லை என்று வந்தது.

இப்போது பால் மட்டும் ஒரு டம்ளருக்கு மேல் ஆகவில்லை. மூச்சுக் காற்றுப் பரிசோதனையில் லாக்டோஸ் ஒவ்வாதது தெரிந்தது. தயிர் ஒத்துக்கொள்கிறது. பி12-ம் இரும்புச்சத்தும் ரத்தத்தில் குறைவாக இருந்ததால் அந்த இரண்டும் தொடர்கின்றன, மருந்துக்கடை விலையில். மூட்டு இறுக்கம் போகவில்லை. மூட்டுவாத மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சென்ற மாதம் டெக்சஸிலிருந்து பெரியம்மா மகள் அழைத்தாள். அவள் ஊரிலும் இப்படி ஒரு கிளினிக் இருக்கிறதாம், பேக்கேஜுக்குப் பணமும் கட்டிவிட்டாளாம். போகாதே என்று நான் சொல்லவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்கும் தேவைப்படுகிறது. இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, சீலியாக் பரிசோதனைகள் மூன்றையும் குடும்ப மருத்துவரிடமே முதலில் எடுத்துவிடச் சொன்னேன். சரி அக்கா, நாளையிலிருந்து கோதுமையை நிறுத்திவிட்டுப் போய் எடுக்கிறேன் என்றாள். ரத்தம் கொடுக்கும் நாள் வரை சப்பாத்தியை நிறுத்திவிடாதே என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து விளக்கினேன்.