எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கல்ச்சரில் மட்டும் கிருமி

கர்ப்பத்தின் 15வது வார செக்கப்பில் டாக்டர் எழுதியது இரண்டு டெஸ்ட்: யூரின் ரொட்டீன் (சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை), யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது). லேபில் செய்தது ஒன்றுதான். ரொட்டீன் நார்மல் என்று வந்ததை நானும் ஃபைலில் பத்திரமாக வைத்துவிட்டேன். 19வது வாரம் டாக்டர் ஃபைலைப் புரட்டி, "கல்ச்சர் எங்கம்மா?" என்றார். ஒரு மாதம் போச்சு. லேபில் போய்க் கேட்டால், "ரொட்டீனே நார்மலா இருக்கே மேடம், கல்ச்சர் எதுக்கு?" என்கிறார்கள். ரொட்டீன் நார்மலாக இருந்தாலும் கிருமி இருக்கலாம், அதற்குத்தானே கல்ச்சர்! இன்னும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த தவறு என்னுடையது. வீட்டிலிருந்த பாட்டிலைக் கழுவி, காலை ஆறு மணிக்குப் பிடித்து வைத்தேன். லேபுக்குப் போய்ச் சேர ஒன்பதரை. இரண்டு நாள் காத்திருந்ததற்கு, "பலவகைக் கிருமிகள் கலந்துள்ளன, மறுபடி சாம்பிள் தரவும்" என்று வந்தது. பணமும் வீண், அலைச்சலும் வீண்.

மூன்றாம் முறை கிளினிக் நர்ஸ் அக்கா உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். லேபில் தரும் ஸ்டெரைல் டப்பாதான் வேண்டும். முன்னாலிருந்து பின்னாக வெறும் தண்ணீரில் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மூடியின் உட்பக்கம் விரல் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

ரிப்போர்ட்: ஈ.கோலை என்ற பாக்டீரியா, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஒரு லட்சத்துக்கு மேல்.

எனக்கு ஒரு சொட்டு எரிச்சல்கூட இல்லை. அத்தை, "ஒண்ணுமே இல்லாதப்ப மாத்திரை எதுக்கும்மா? இளநி குடி, சரியாயிடும்" என்றார். எனக்கும் ஆசைதான். டாக்டர் விடவில்லை. கர்ப்பத்தில் ஹார்மோனால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்துவிடும், கர்ப்பப்பையும் அழுத்தும், சிறுநீர் தேங்கும். மருந்து எடுக்காமல் விட்டால் இப்படிப்பட்ட நூறு பேரில் இருபது முப்பது பேருக்குக் கிருமி கிட்னிவரை ஏறிவிடலாம். குளிர் காய்ச்சலோடு அட்மிட் ஆக வேண்டி வரும், குறைமாதப் பிரசவத்துக்கும் வழியாகலாம் என்றார். கர்ப்பம் இல்லாதவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டால் பெரும்பாலும் மருந்து தருவதில்லையாம். அதனால் "எனக்கு ஒண்ணும் குடுக்கலையே" என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம்.

டாக்டர் எழுதியது நைட்ரோஃபியூரன்டாயின் என்ற ஆன்டிபயாடிக், ஏழு நாள். மெடிக்கல் ஷாப்பில் ஸ்டாக் இல்லை. "இதுவும் யூரின் இன்ஃபெக்ஷனுக்குத்தான்" என்று கடைக்காரர் வேறு மாத்திரை அட்டையை நீட்டினார். பின்பக்கம் நார்ஃப்ளாக்சசின் என்றிருந்தது. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். "கர்ப்பத்தில் இது வேண்டாம், வாங்காதீங்க" என்று உடனே பதில். மூன்றாவது கடையில்தான் சரியான மருந்து கிடைத்தது. கேட்காமல் வாங்கிப் போட்டிருந்தால் என்று நினைத்தாலே இப்போதும் பதறுகிறது. சாப்பிட்ட பிறகு போட்டதால் குமட்டல் அதிகமில்லை. சிறுநீர் பழுப்பாகப் போனதும் பயந்துவிட்டேன். அது மருந்தின் நிறம்தானாம்.

மாத்திரை முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர். இந்த முறை பில்லில் 'கல்ச்சர்' என்ற வரியை விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து கவுன்ட்டரிலேயே கவரைப் பிரித்தேன். கிருமி வளர்ச்சி இல்லை.