அந்த டிக்கை எடுத்தால் போதும் என்றார்கள்

பகுதிநேர எம்.ஏ. வகுப்பின் முதல் சனிக்கிழமை. பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரி ஏறும்போதே அண்ணனின் பழைய லேப்டாப் தோளை இழுத்தது. மூன்று வருஷம் அலமாரியில் கிடந்தது. புதன்கிழமை சார்ஜ் போட்டு, ஒரு கட்டுரையைத் தட்டிப் பார்த்ததோடு சரி. வீட்டில் வைஃபை கிடையாது, கைப்பேசி டேட்டாதான்.

நூலகத்தில் எடுரோம் என்ற பல்கலைக்கழகப் பொது வைஃபையைத் தட்டினேன். 2002-இல் ஐரோப்பாவில் தொடங்கியது. மலேசியாவில் மைரென் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு நடத்துகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கு இன்னொன்றிலும் செல்லும். பயனர் பெயரில் @ குறிக்குப் பின்னால் வருவதைப் பார்த்துத்தான், நம் விவரத்தை எந்த வளாகத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பது என்று முடிவாகும். அதனால் வெறும் மாணவர் எண் போதாது, முழுசாக எழுத வேண்டும்.

முழுசாகத்தான் எழுதினேன். நாலு தடவை. "இணைய முடியவில்லை" என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லவில்லை.

பக்கத்து மேசைத் தங்கச்சி எட்டிப் பார்த்தது. "அக்கா, செட்டிங்ஸ்ல சர்வர் சான்றிதழைச் சரிபார்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துருங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான்." எடுத்தேன். உடனே இணைந்தது! ஆனால் உலாவியில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது என்று சிவப்பில் எச்சரிக்கை. மூலையைப் பார்த்தால் 2016 ஜனவரி 4.

அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தேன். முதலில் திட்டு. "டிக்கை எடுத்துட்டியா? இது நிஜ வளாக சர்வர்தானான்னு காட்டுறதே அந்தச் சான்றிதழ்தான். எவனாச்சும் கேன்டீன்ல அதே பேர்ல ஒரு வைஃபை வெச்சா உன் லேப்டாப் நேரா அவன்கிட்டப் போய் ஒட்டிக்கும்மா. பாஸ்வேர்டு வெளியே போயிரும்." அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்குமாம், சிஆர்2032. லேப்டாப் அணைந்து கிடக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்திருக்கிறது. பெரிய பேட்டரியும் வடிந்ததும் தேதி, இயந்திரத்தில் பதிந்திருந்த ஆரம்ப நாளுக்குப் போய்விட்டது. வளாகத்தின் சான்றிதழோ போன வருஷம் கொடுத்தது. 2016-இல் நிற்கிற இயந்திரத்துக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ், எப்படி ஏற்கும்?

தேதியைக் கையால் திருத்தினேன், டிக்கைத் திரும்பப் போட்டேன். முதல் தடவையே இணைந்தது. பாஸ்வேர்டில் ஒரு குறையும் இல்லை.

இரவு அப்பாவிடம் சொன்னேன். "1982 புத்தாண்டுக்குத் தீபகற்ப மலேசியாவே கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளிச்சு, உன் லேப்டாப் என்ன பெரிசா" என்றார். மறுநாள் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கைக்கடிகாரக் கடையில் பேட்டரி வாங்கினேன், அண்ணன் வந்து மாட்டினான். புதன்கிழமை தட்டிய கட்டுரை மட்டும் இன்னும் 2016 ஜனவரி 1 என்றே காட்டுகிறது.