எங்கள் முதல் காசோலை வந்த வழி

2022 அக்டோபரில் என் தங்கை, கணவரின் அண்ணன், அவருடைய கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் என்று வாட்ஸ்அப்பில் ஐந்து பேரிடம், நானும் என் தோழியும் தொடங்கும் மென்பொருள் கம்பெனிக்காகப் பணம் கேட்டேன். 15 நாளில் 25,000 டாலர் சேர்ந்துவிட்டது. அதே 15 நாளில் என் தோழி தன் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது 1,800 டாலர். அவள் அம்மா வீட்டுக் கூரையை மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. எங்கள் கம்பெனியின் சி.இ.ஓ. அவள்தான். யோசனை அவளுடையது, முதல் நான்கு வாடிக்கையாளர்களைப் பிடித்ததும் அவள்தான். நான் கோடிங் பக்கம் பார்க்கிறேன்.

அவள் கறுப்பினப் பெண், அட்லாண்டாவின் தென்மேற்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். அவள் அம்மா 20 வருடத்துக்கு மேல் முதியவர்களின் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாத்திரை போட்டார்களா என்று பார்த்து வந்தவர். அமெரிக்காவில் 2016-இல் வந்த ஒரு சட்டப்படி, மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் பணத்தில் நடக்கும் இந்த வேலைகளில் யார் போனார், யாரைப் பார்க்கப் போனார், என்ன வேலை, எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்ற ஆறு விவரங்களையும் மின்னணு முறையில் பதிந்தாக வேண்டும். இந்த வேலைக்கு ஆட்களை அனுப்பும் ஏஜென்சிகளில் பெரியவை சமாளித்துவிடும். பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்தும் சின்ன ஏஜென்சிகள்தான் திண்டாடுகின்றன. அவர்களுக்குத்தான் எங்கள் மென்பொருள்.

ஸ்டார்ட்அப் உலகில் முதல் பணத்துக்கு ‘நண்பர்கள், குடும்பத்தார்’ சுற்று என்றே பெயர். அந்தப் பெயர் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று அந்த 1,800 டாலரைப் பார்க்கும் வரை நான் யோசித்ததே இல்லை. அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பங்களுக்கு 44,900. வீடு, கார், ஓய்வூதியச் சேமிப்பு எல்லாம் சேர்த்துத்தான் அந்த 44,900. அதிலிருந்து எடுத்து யார் யாருக்கு என்ன கொடுக்க முடியும்? முதல் பணம் இல்லாமல் மென்பொருளின் மாதிரியைச் செய்ய முடியாது, மாதிரி இல்லாமல் முதலீட்டாளர் பார்க்க மாட்டார். 2023-இல் அமெரிக்காவில் ஸ்டார்ட்அப்களுக்குப் போன வென்ச்சர் முதலீட்டில் கறுப்பின நிறுவனர்களுக்குக் கிடைத்தது 0.5 சதவீதத்துக்கும் குறைவு என்று, இந்த முதலீடுகளைக் கணக்கெடுக்கும் கிரன்ச்பேஸ் நிறுவனம் கணக்குப் போட்டது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் கறுப்பின நிறுவனர்களுக்கென்று திட்டங்கள் வந்தன. ஏஞ்சலா பென்டன் 2011-லேயே நியூமீ என்ற ஆக்சிலரேட்டரை, அதாவது புதிய கம்பெனிகளுக்குச் சில மாதம் பயிற்சி கொடுத்து வளர்த்துவிடும் திட்டத்தை, தொடங்கினார். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு பெரிய கம்பெனிகளும் இறங்கின. கூகுள் அந்த வருடம் 50 லட்சம் டாலரில் ஒரு நிதியைத் தொடங்கி, ஒரு கம்பெனிக்கு 1 லட்சம் டாலர் வரை, பங்கு எதுவும் கேட்காமல் கொடுத்தது. அதை இங்கே நடத்த உதவியது அட்லாண்டாவின் குடி நேஷன் என்ற அமைப்பு. ‘பங்கு கேட்காமல்’ என்பது ரொம்ப முக்கியம். நாங்கள் விண்ணப்பித்த சமயத்தில், டெக்ஸ்டார்ஸ் என்ற பெரிய ஆக்சிலரேட்டரில் சேர்ந்தால் 20,000 டாலருக்கு 6 சதவீதப் பங்கும், கூடவே 1 லட்சம் டாலர் கன்வெர்டிபிள் நோட்டும் (பின்னால் பங்காக மாறும் கடன்) என்று கணக்கு. ஒய் காம்பினேட்டர் என்ற இன்னொன்றில் 1,25,000 டாலருக்கு 7 சதவீதம், மேலே கொடுக்கும் 3,75,000 டாலர் அடுத்த சுற்றில் பங்காக மாறும். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் கையில் ஒன்றுமில்லாதபோது பங்கைக் கொடுப்பதும், கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுப்பதும் ஒன்றல்ல.

சரி, விண்ணப்ப விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் மொத்தம் 19 இடங்களுக்கு விண்ணப்பித்தோம். பெரும்பாலானவற்றை நிரப்பியது அட்லாண்டாவின் ரஸ்ஸல் இன்னோவேஷன் சென்டரில் உட்கார்ந்துதான். ஹெர்மன் ரஸ்ஸல் சாந்து பூசும் தொழிலில் ஆரம்பித்து நாட்டின் பெரிய கறுப்பினக் கட்டுமான நிறுவனங்களில் ஒன்றை உருவாக்கியவர். அவருடைய கம்பெனியின் பழைய தலைமையகம்தான் இன்று கறுப்பினத் தொழில்முனைவோருக்கான அந்த மையம். அங்கே அவள் நடந்துபோகும்போது தோளில் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். வேறு எந்தக் கட்டடத்திலும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: கம்பெனி பதிவுச் சான்று, யாருக்கு எத்தனை பங்கு என்று காட்டும் கேப் டேபிள், 12 மாத வரவு செலவுக் கணிப்பு, ஒரு நிமிட வீடியோ. இதில் கேப் டேபிளில்தான் மாட்டிக்கொண்டோம். ஆரம்பத்தில் ஆளுக்குப் பாதி என்று வாய்ப்பேச்சாக வைத்திருந்தோம். பல போட்டிகளில் கறுப்பின நிறுவனரிடம் 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை. நீயும் வேலையை விட்டுவிட்டுத்தானே போகிறாய், உனக்கு மட்டும் ஏன் குறைவு என்று என் கணவர் கேட்டார், நியாயமான கேள்வி. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். விண்ணப்பத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், எனக்குக் கணவரின் வேலையில் மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கிறது, கம்பெனி விழுந்தால் நான் மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவேன். அவளுக்கு அப்படி இல்லை. யோசனையும் வாடிக்கையாளரும் அவளுடையவர்கள். அவளுக்கு 60, எனக்கு 40 என்று முடிவு செய்தோம், நான்கு வருட வெஸ்டிங், அதாவது பங்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொந்தமாகும், முதல் வருடம் முடிந்தால்தான் முதல் பகுதி கைக்கு வரும். இதைச் செய்கிறவர்கள், பங்கின் மதிப்பை இப்போதே வரிக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் 83(பி) என்ற படிவத்தைப் பங்கு வாங்கிய 30 நாளுக்குள் வருமான வரித்துறைக்கு அனுப்பிவிடுங்கள், பதிவுத் தபாலில். தேதி தவறினால் பிற்பாடு திருத்த வழியே கிடையாது. நான் 26-ஆவது நாள் போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நின்றேன்.

19-இல் ஏழு பேர் பதிலே போடவில்லை. பத்துப் பேர் ‘வருந்துகிறோம்’ என்று ஒரே மாதிரி மெயில் அனுப்பினார்கள், என்ன காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு பேர் கூப்பிட்டார்கள்.

இதற்கு நடுவில் 2023 ஆகஸ்டில் ஒரு வழக்கு வந்தது. ஃபியர்லெஸ் ஃபண்ட் எங்கள் அட்லாண்டாவிலேயே, வெள்ளையரல்லாத பெண்களின் கம்பெனிகளுக்காகக் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முதலீட்டு நிதி. கறுப்பினப் பெண்களுக்கென்று அவர்கள் நடத்திய 20,000 டாலர் போட்டி இனப் பாகுபாடு என்று எட்வர்ட் பிளம் என்பவரின் அமைப்பு வழக்குப் போட்டது. எந்தச் சட்டத்தை வைத்து தெரியுமா? 1866-ஆம் வருட சிவில் உரிமைச் சட்டம். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களுக்கும் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று எழுதப்பட்ட சட்டம் அது! அவளிடம் இதைச் சொன்னபோது அவள் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2-க்கு 1 என்று தீர்ப்பு ஃபியர்லெஸ் ஃபண்டுக்கு எதிராக வந்தது, செப்டம்பரில் சமரசமாகி அந்தப் போட்டியே நிரந்தரமாக மூடப்பட்டது. நாங்கள் விண்ணப்பித்த ஒரு திட்டத்தில் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. பிறகு படிவத்தில் இனம் பற்றிய கட்டம் காணாமல் போய், ‘நீங்கள் கடந்து வந்த தடைகளை எழுதுங்கள்’ என்று ஒரு கேள்வி இருந்தது. கட்டத்தில் டிக் போட்டுவிட்டு நகர்ந்த விஷயத்தை இப்போது 300 வார்த்தையில் ஒரு அந்நியருக்குத் திறந்து காட்ட வேண்டும். அவள் அதை எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டாள்.

கூப்பிட்ட இரண்டு இடங்களில் ஒன்று 12 வார ஆக்சிலரேட்டர், பங்கு கேட்காதது. முதல் மூன்று வாரம் எங்களை நிரல் எழுதவே விடவில்லை. ஏஜென்சி நடத்துகிறவர்களைப் போய்ப் பார்த்துப் பேசுங்கள், எதையும் விற்காதீர்கள், கேட்டுக்கொண்டு மட்டும் வாருங்கள் என்றார்கள். 61 பேரிடம் பேசினோம். பதிவு செய்வதுதான் அவர்களுக்குத் தலைவலி என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் தலைவலி, பதிவில் ஒரு சின்னத் தப்பு இருந்தால் மெடிக்கெய்ட் பணம் நின்றுபோய், வெள்ளிக்கிழமை சம்பளம் போட முடியாமல் தவிப்பது. ஆக, அனுப்புவதற்கு முன்பே தப்பைப் பிடித்துச் சொல்லும் பகுதியை முன்னால் கொண்டுவந்தோம். அது மட்டும் நடக்காமல் இருந்தால் நாங்கள் இன்று இல்லை.

பிட்ச்சுக்கு, அதாவது முதலீட்டாளர் முன் கம்பெனியை விளக்கிப் பேசுவதற்கு, மூன்று நிமிடம். முதலில் அவள் சந்தை எவ்வளவு பெரியது என்ற படத்தோடு ஆரம்பித்தாள். பயிற்சியாளர் 20-ஆவது வினாடியில் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார், “இது யாருடைய கஷ்டம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை” என்றார். அன்று ராத்திரி அவள் அம்மாவின் பழைய சட்டைப்பை நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். நீல மையில் வரிசையாக வீட்டு எண், நேரம். ஒரு வரியில் 7:00 என்று எழுதி, மேலே வெள்ளை மை பூசி, 7:10 என்று திருத்தியிருந்தது. அன்று பஸ் தாமதம். அந்தத் திருத்தத்தைக் காரணம் காட்டி அன்றைய மூன்று மணி நேரச் சம்பளத்தையே ஏஜென்சி நிறுத்தி வைத்ததாம். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து முதல் படமாக வைத்தோம். அடுத்த ஒத்திகையில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கேள்வி பதில்தான் கஷ்டமான பகுதி. வருமானம் எவ்வளவு, அடுத்த வருடத் திட்டம் என்ன என்று சி.இ.ஓ.விடம் கேட்க வேண்டியதை எல்லாம் முதலீட்டாளர்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். இந்தியப் பெண், கம்ப்யூட்டர் தெரிந்தவள், அப்படியானால் தலைமை இவள்தான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் அவளைத் திரும்பிப் பார்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டோம். அவள் பேசி முடிக்கும் வரை என் கண் அவள்மேல்தான், கேட்டவரின் கண்ணும் தானாக அங்கே போய்விடும்.

இன்னொன்று. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிட்ச் மேடைக் கேள்விகளை ஆராய்ந்ததில், ஆண்களிடம் பெரும்பாலும் ‘எவ்வளவு வளரும்’ என்றும் பெண்களிடம் ‘எதில் நஷ்டம் வரும்’ என்றும் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. நஷ்டக் கேள்விக்கு வளர்ச்சியால் பதில் சொன்னவர்கள் அதிகப் பணம் திரட்டியிருக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி இதைச் சொல்லி, பத்துக் கேள்விகளை அவளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தார். “வாடிக்கையாளர் விட்டுப் போய்விட்டால்?” என்று கேட்டால், “எங்களிடம் வந்த ஒவ்வொருவரும் இன்னொரு ஏஜென்சியைக் கூட்டி வந்திருக்கிறார்கள், அடுத்த வருடம் அலபாமாவுக்கும் போகிறோம்” என்று வரும்வரை பயிற்சி.

நிறைவு நாள் போட்டியில் 50,000 டாலர் கிடைத்தது. அந்த மேடையைப் பார்த்த இரண்டு ஏஞ்சல் முதலீட்டாளர்கள் (சொந்தப் பணத்தைப் போடும் தனிநபர்கள்), போட்ட பணம் பின்னால் பங்காக மாறும் சேஃப் ஒப்பந்தத்தில் மேலும் 1,10,000 டாலர் போட்டார்கள். பரிசுப் பணத்துக்கும் வரி உண்டு, அதனால் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் தொட்டோம். முதல் ஊழியராக, 11 வருடம் வீட்டுப் பராமரிப்பு வேலை பார்த்த ஒரு அக்காவை வாடிக்கையாளர் உதவிக்கு எடுத்தோம்.

இந்த வருடம் அதே ஆக்சிலரேட்டர் விண்ணப்பங்களைப் படிக்க அவளைக் கூப்பிட்டிருக்கிறது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிக்கிறாள். தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் எது குறைந்தது, அடுத்த முறை எதைக் காட்ட வேண்டும் என்று இரண்டு வரி எழுதுகிறாள். நேற்று வரை 84 பேருக்கு எழுதியாகிவிட்டது, இன்னும் 30 பாக்கி.