பில் போட்டு வாங்கிய செடி

எங்கள் தெருவில் செடிகளுக்கென்று ஒரு சாத்திரம் உண்டு. கேட்டு வாங்கிய செடி சுமாராக வளரும். காசு கொடுத்து வாங்கியது பட்டுப்போகும். கேட்காமல் கிள்ளி வந்ததுதான் கொழுகொழுவென்று படரும். பாளையங்கோட்டையில் பாதி வீட்டு மணி பிளான்ட் இந்தச் சாத்திரப்படி வந்ததுதான். எங்கள் வீட்டுக் கொடியின் பூர்வீகம் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. ஆச்சி அங்கே கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு, முந்தானைக்குள் ஒரு கிளையோடு திரும்பி வந்தாள்.

அந்தக் குலத்தில் பிறந்த நான்தான் பூச்சி தின்னும் செடி ஒன்றைச் சட்டப்படி, பில்லோடு வாங்குவது என்று கிளம்பினேன்.

முதலில் ஆசைப்பட்டது மேகாலயாவின் குடுவைச் செடிக்கு. நெப்பந்தஸ் காசியானா என்று பெயர். இந்தியாவில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி இந்த ஒரே இனம்தான். காசி, காரோ, ஜைந்தியா மலைகளின் பக்கம் மட்டும் இருக்கிறது. இலை நுனி நீண்டு, கெண்டி போல ஒரு குடுவையாகித் தொங்கும். காரோ மக்கள் அதைப் பேயின் கூடை என்னும் பொருளில் அழைப்பார்கள். இந்த விவரத்தை ஆச்சியிடம் சொல்லியிருக்கக் கூடாது. "பேய்க்குக் கூடை பின்னிக் கொடுக்க நம் வீடுதான் கிடைத்ததா?" என்றாள்.

பேயைவிடச் சட்டம் பெரிதாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் மட்டும்தான் இடம் என்று நினைத்திருந்தேன். செடிகளுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது, அதில் இந்தக் குடுவையும் இருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கக் கூடாது. உரிமம் இல்லாமல் பயிரிடக் கூடாது, விற்கக் கூடாது. வாங்குவதென்றால் உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்திலும் இது முதல் பட்டியலில், புலியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவும் படித்த பிறகு, நல்ல பிள்ளையாக ஒரு வன அலுவலகத்துக்குப் போனேன். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். ஒருவர் வாழைத் தோட்டத்தில் பன்றி புகுந்ததைச் சொல்ல வந்திருந்தார். இன்னொருவருக்குக் கரடித் தொல்லை. என் முறை வந்தது.

"உங்களுக்கு என்ன? மிளாவா?"

"செடி, ஐயா."

"செடியை மிளா தின்றுவிட்டதா?"

"இல்லை ஐயா, செடிதான் தின்னும்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற கரடிக்காரர் தன் தொல்லையை மறந்து முன்னால் வந்தார். "எவ்வளவு பெரிய ஆளைத் தின்னும் தம்பி?" என்று கேட்டார். ஈ, எறும்பு அளவு என்றதும் அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அலுவலர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உரிமம் உள்ளவரிடம் வாங்குங்கள். இல்லையென்றால் பட்டியலில் இல்லாத நாற்றங்கால் செடியாகப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். காட்டுச் செடி என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்" என்றார்.

எவனாவது என்ன, மறுவாரமே ஒருவர் சொன்னார். நண்பரின் நண்பர் வழியாக வந்த எண். "அண்ணாச்சி, அசல் மலைச்செடி. போன வாரம் தோண்டியது. உங்களுக்காக வைத்திருக்கிறேன்." படமும் அனுப்பினார். நாற்றங்காலில் வளர்ந்த செடி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ஒரே அளவில், சின்னத் தொட்டியில், நார்த்தூளிலோ பாசியிலோ நிற்கும். இது வேரோடு காட்டு மண் கட்டி ஒட்டியிருக்க, பூச்சி அரித்த முதிர்ந்த இலைகளோடு, செய்தித்தாளில் சுருட்டப்பட்டுக் கிடந்தது. கடத்தி வரப்பட்ட களை முகத்தில் தெரிந்தது. பில் உண்டா என்றேன்.

"ஆட்டுக்குட்டி வாங்கினால் பில் கேட்பீர்களா அண்ணாச்சி?"

போனை வைத்தேன். வைத்த பிறகு ஒரு மணி நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீனஸ் ஈப்பொறி பற்றியும் விசாரிக்காமல் இல்லை. அது அமெரிக்காவின் இரண்டு கரோலினா மாநிலங்களுக்கு மட்டும் சொந்தமான செடி. இலைக்குள் இருக்கும் நுண்முடியை இருபது வினாடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் மூடும். ஒரு தொடுதலை நம்பி ஏமாறாது. எனக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் எத்தனையோ சீட்டுக் கம்பெனிகளிடமிருந்து தப்பியிருப்பேன். ஆனால் அதற்கு வருடத்தில் மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்க வேண்டுமாம். பாளையங்கோட்டையில் குளிர்காலம் என்பது மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கும் இரண்டு வாரம். சிலர் குளிர்சாதனப் பெட்டியில் உறங்க வைக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "இட்லி மாவுக்கே இடம் இல்லை" என்று விண்ணப்பம் தள்ளுபடியானது.

கடைசியில் ஒரு நாற்றங்காலில் வென்ட்ராட்டா என்ற கலப்பினக் குடுவைச் செடியை வாங்கினேன். பிலிப்பைன்ஸ் குடும்பம், வெயிலும் புழுக்கமும் தாங்கும், கிளையை வெட்டி வைத்தாலே வேர் பிடிக்கும். பார்சல் செலவோடு 850 ரூபாய். பில்லில் செடியின் பெயரும், தோட்டத்தில் கிளை வெட்டி வளர்த்தது என்ற குறிப்பும் இருந்தன. அந்தப் பில்லைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தேன்.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செடியைச் சுற்றிவந்தாள். அவள் அப்பா நாட்டு வைத்தியர். "ஏல, பூச்சி பிடிக்கிற செடி என்றால் அழுகண்ணிதானே? இலையெல்லாம் கண்ணீர் மாதிரிச் சொட்டுச் சொட்டாக நிற்கும், கொசு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் ஈர மணலில் மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறோம். அந்த ஜாதிக்கா 850 ரூபாய்?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் சொன்னது டிரோசெரா, பூச்சி தின்னும் இன்னொரு செடி. நான் மேகாலயா வரை தேடிய வித்தையை ஆச்சி செருப்பில்லாமல் மிதித்திருக்கிறாள்.

பிறகு தண்ணீர்ப் பிரச்சினை. சத்தில்லாத மண்ணில் பிழைக்கப் பழகியதால்தான் இந்தச் செடி பூச்சி பிடித்துத் தழைச்சத்தை ஈடுகட்டுகிறது. உரமும் ஆகாது, உப்பு நீரும் ஆகாது. கரைந்த உப்பு 50 பி.பி.எம்.முக்குள், அதாவது பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் ஐம்பது பங்குக்குள், இருப்பது நல்லது என்றார்கள். அதை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வீட்டிலுள்ள எல்லாத் திரவத்திலும் முக்கினேன். ஆழ்துளைக் கிணறு 1,140. ஆற்றுக் குழாய்த் தண்ணீர் 130. சொதியில் முக்கியபோது அம்மா மீட்டரைப் பிடுங்கிக்கொண்டாள். அப்பாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "அல்வாவுக்கே ருசி கொடுக்கிற தாமிரபரணித் தண்ணீர். அது ஆகாது என்கிறதா உன் செடி?" ஒரு வாரம் அந்தப் பக்கமே அவர் போகவில்லை.

ஐப்பசி மழையை டிரம்மில் பிடித்தேன். ஆனால் மழைத்தண்ணீரில் பருப்பு பூப்போல வேகும் என்பது அம்மாவுக்கும் தெரியும். காலையில் நான் டிரம்மைத் திறக்கும்போது, மட்டம் இரண்டு சாண் இறங்கியிருக்கும். அன்று சாம்பார் அருமையாக இருக்கும்.

பெரிய சண்டை எறும்பில் வந்தது. குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கும். அதை நக்க வரும் எறும்பு வழுக்கி உள்ளே விழும், அடியில் இருக்கும் நீர் அதைச் செரித்துவிடும். முன்பெல்லாம் வாசலில் ஆச்சி போடும் பச்சரிசி மாக்கோலத்துக்கு வந்துகொண்டிருந்த எறும்பு வரிசை, ஒரு நாள் நடுவழியில் திரும்பித் தொட்டிமேல் ஏறியது. ஆச்சி குடுவைக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்பாக ஒரு கஷாயம்.

"அறுபது வருடமாக எறும்புக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ எறும்பையே சோறாகப் போடுகிறாய். இதற்கு பில் வேறு!"

அன்றே செடி மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பங்குனி வெயிலில் குடுவைகள் ஒவ்வொன்றாகக் கருகின. பச்சை வலை கட்டினேன். காலையும் மாலையும் மழைத்தண்ணீர் தெளித்தேன். செடி சாகவில்லை, வளரவும் இல்லை. அரசு அலுவலகத்துக் கோப்பு மாதிரி அப்படியே இருந்தது.

ஆடியில் ஒரு காலை. நீளமாக வளர்ந்திருந்த ஒரே கிளையின் நுனியைக் காணவில்லை. அணில் கடித்ததா என்று பார்த்தேன். அணில் இவ்வளவு சுத்தமாக, சாய்வாக வெட்டாது. முதல் நாள் வடகம் காயப்போட மாடிக்கு வந்தவர்கள் மூன்று பேர். யாரிடம் கேட்பது? நம் வீட்டு மணி பிளான்ட் பல் மருத்துவருக்குப் பதில் சொல்லட்டும் முதலில் என்று விட்டுவிட்டேன்.

மாசியில் எதிர்வீட்டு அக்கா பேரனின் காதுகுத்துக்கு அழைத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்புறம் போனேன். கிணற்றடிக் கொய்யா நிழலில் பழைய பெயின்ட் வாளி ஒன்று. அதில் ஏழு குடுவைகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், சிவந்து, பளபளவென்று.

"என்ன செடி அக்கா இது?"

"பெயரெல்லாம் யாருக்குத் தெரியும் தம்பி? எங்கிருந்தோ வந்தது. கெண்டிச் செடி என்று வைத்துக்கொள்ளேன்."

"என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?"

"தாமிரபரணித் தண்ணீர்தான். வேறென்ன ஊற்றுவார்கள்?"

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, பில்லை ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். ஆச்சி கட்டிலில் இருந்தபடியே, "கிளை வேண்டுமென்றால் சொல், மத்தியானம் அவள் தூங்குவாள்" என்றாள்.