பேட்டரியைப் பதிவு செய்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் (எஃப்30) காருக்கு நேற்று நானே பேட்டரி மாற்றினேன். டிக்கியில் வலப்பக்கம் இருக்கிறது. கழற்றி மாட்டுவது எளிது. ஆனால் புதிய பேட்டரி வந்த செய்தியைக் காருக்குச் சொல்ல வேண்டும்; அதுதான் பதிவு. சொல்லாவிட்டால், தளர்ந்துபோன பழையதற்கு ஏற்றிய கணக்கிலேயே புதியதற்கும் சார்ஜ் ஏற்றும். அதன் ஆயுள் குறையும்.

அதற்குக் காரின் கணினியோடு பேசும் கருவி வேண்டும். முதலில் வாங்கிய மலிவான புளூடூத் அடாப்டர் எஞ்சின் பிழைக் குறியீடுகளை மட்டுமே காட்டியது. அது பயன்படுத்தும் ஓபிடி2 என்ற பொதுத் தரம் புகை உமிழ்வைக் கண்காணிக்க வந்தது. ஏர்பேக், பேட்டரி மேலாண்மை இவற்றோடு பேச, அந்த நிறுவனத்தின் முறை தெரிந்த மென்பொருள் வேண்டும். எனவே விலையைப் பார்க்குமுன், உங்கள் காரின் தலைமுறையைப் பாருங்கள். எஃப்30 போன்ற எஃப் வரிசைக்கு, காரை லேப்டாப்போடு இணைக்கும் எனெட் கேபிள். பழைய இ வரிசைக்குக் கே+டிகேன் கேபிள்.

என் வேலைக்குப் பிம்மர்லிங்க் செயலியே போதுமானதாக இருந்தது. ஆழமாகப் பழுது தேடுவோருக்கு, வயரிங் படங்களோடு வரும் நிறுவனத்தின் இஸ்டா மென்பொருள்தான் சரி. யாரோ திருட்டுத்தனமாக ஏற்றிவைத்த பிரதியைத் தயவுசெய்து லேப்டாப்பில் நிறுவாதீர்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, கருவியைச் செருகும் 16 முனை இணைப்பியைத் தடவிக் கண்டுபிடித்தேன். அப்பா டார்ச் பிடித்தார். பதிவு முடிந்ததாகத் திரையில் வந்ததும், "இனி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகுமா?" என்று கேட்டார். பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன்.